ஒரு ஸ்காட்லாந்துப் பெயரும் எங்கள் அப்பாவின் கையெழுத்தும்

கிடர்பூர் துறைமுகக் குடியிருப்பில் என்னோடு வளர்ந்தவர்களே, இப்போது முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நீங்கள்தான் என்னை எழுதச் சொன்னீர்கள். “பழைய தேதியெல்லாம் உங்கிட்டதான் இருக்கு, நம்ம மிஸ்ஸைப் பத்தி நீயே எழுதிடு” என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பள்ளிக்கூடச் சுவரில் அவருக்கு ஒரு கல் பதிக்கப்போகிறீர்களாம். அதில் வெட்டப்போகும் வாசகத்தையும் அனுப்பியிருந்தீர்கள். வெளிநாடு போக வழியிருந்தும், நம்மீது கொண்ட அன்பினால் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர் என்று அதில் இருக்கிறது. அவருடைய குடும்பப் பெயர் எங்கே தோன்றி, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றீர்கள்.

எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் முடியாது. அந்த வாசகமும் பொய்.

பெயர் கால்பிரெய்த். நாம் அவரைக் ‘கால் ரொட்டி மிஸ்’ என்று சொல்லிச் சிரித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்காட்லாந்தின் மேற்கே க்ளைடு என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் ஒரு காலத்தில் பிரித்தானியர் என்ற பழைய இனத்தார் அரசாண்டார்கள். பிறகு அவர்களைச் சுற்றிக் கேலிக் மொழி பேசுகிறவர்கள் பெருகினார்கள். தங்கள் நடுவில் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்த பிரித்தானியனை அவர்கள் ‘அந்நியன்’ என்ற சொல்லைச் சேர்த்து அழைத்தார்கள். அந்நிய பிரித்தானியன் என்பதுதான் கால்பிரெய்த். அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். அக்கம்பக்கம் மாறியது, அவன் அந்நியன் ஆனான். லோமண்ட் ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த குடும்பம் பின்னாளில் கிளை பிரிந்தது. ஒரு கிளை கீகா என்ற சிறிய தீவுக்கும் அதன் எதிரிலுள்ள கிண்டயர் முனைக்கும் போனது. சிலர் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார்கள். நீராவிக் கப்பல் காலத்தில் அந்தப் பெயர் எஞ்சின் அறைகளில் ஏறி உலகம் முழுவதும் சுற்றியது. இவையெல்லாம் நான் வளர்ந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தவை. மிஸ் நமக்குச் சொன்ன அர்த்தம் ‘துணிச்சல் மிக்க பிரித்தானியன்’.

ஐந்தாம் வகுப்பின் பின்சுவரில் மிஸ் மாட்டியிருந்த வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் ஏறி அதன் கீழ் ஓரம் அலை அலையாக வளைந்திருக்கும். மேல் மூலையில் அவர் குடும்பத்துச் சின்னம், வாய்க்கட்டுப் போட்ட மூன்று கரடித் தலைகள். ஸ்காட்லாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஹூக்ளி ஆற்றின் வாய்வரைக்கும் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று, குண்டூசிக்குக் குண்டூசி இழுத்துக் கட்டியிருக்கும். அதுதான் மிஸ்ஸின் பெயர் வந்த வழி. ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப் பெயரின் கதையை எழுதி வர வேண்டும். மிஸ் அதை வாசித்துவிட்டு நம் ஊரில் ஒரு குண்டூசி குத்தி, அங்கிருந்து கல்கத்தாவுக்கு ஒரு நூல் கட்டுவார். வங்காளிகளுக்குப் பச்சை, மார்வாடிகளுக்கு மஞ்சள், சீனர் பேட்டையான டாங்ராவிலிருந்து வந்த சீனப் பெண்ணுக்கு ஊதா.

வருடத்தைச் சொல்லத் தேவையில்லை. நம் குடியிருப்பில் இரண்டாவது தண்ணீர்த் தொட்டி கட்டிய வருடம். நான் ஐந்தாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் பிரிவில் குமாஸ்தா. கப்பல் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் அவருக்குத் தரும் தடித்த அட்டை போட்ட டைரியை என்னிடம் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஆற்றில் நீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சாகியிருக்கும். அதன் கீழே என் எழுத்து. அந்த வருடத்து டைரி இதோ என் மேசைமேல் இருக்கிறது. நான் சொல்லும் கிழமைகள் அதிலிருந்து எடுத்தவை. ஞாபகத்தை நம்பி எதையும் எழுதவில்லை.

ஜூலை மாதம், இரண்டாவது திங்கட்கிழமை. என் முறை வந்தது. என் பெயருக்குப் பின்னால் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது எங்கள் ஊரின் பெயர். அது எப்படி வந்தது என்பது நம்மவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அக்காவைச் சேர்க்கும்போது எழுத்தர், “சர்நேம்?” என்று கேட்டார். அப்பா நம் வழக்கப்படி தன் பெயரைச் சொன்னார். மூன்று வருடம் கழித்து என்னைச் சேர்க்கும்போது வேறொரு எழுத்தர் இருந்தார். “உங்க பேர் இல்ல, குடும்பத்துல எல்லாருக்கும் பொதுவா இருக்குமே, அந்தப் பேர்” என்று விளக்கினார். எல்லாருக்கும் பொதுவாக எங்களுக்கு இருந்தது ஊர் ஒன்றுதான். அப்பா அதைச் சொன்னார். அவருக்கோ அலுவலகத்தில் தாத்தாவின் பெயர். ஆக அப்பாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வீட்டில் யாரும் இதைக் கவனித்ததுகூட இல்லை.

மிஸ் கவனித்தார். என் தாளை வாசித்தவர் அக்காவின் வகுப்புப் பதிவேட்டை வரவழைத்தார். அப்பா கையெழுத்திட்ட விண்ணப்பத்தையும் வரவழைத்தார். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். “உன் அப்பாவை வரச் சொல்” என்றார்.

அப்பா வந்தது அந்த மாதக் கடைசி வியாழன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது பீரியட். அன்று கிடர்பூர் முழுக்கத் தண்ணீர். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து நடந்து வந்திருக்கிறார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டார். கால்சட்டையை இறக்கிவிட மறந்துவிட்டார். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வகுப்புக்குள் ஒரு கோடு போட்டது. மிஸ் அவரை அலுவலக அறைக்கு அழைத்துப் போகவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அக்காவையும் மேல் வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். மிஸ் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“உங்களை எந்தப் பெயரால் கூப்பிடட்டும்? மூன்று இருக்கிறதே.”

“எதுவானாலும் சரி, மேடம்.”

“இந்த இரண்டு பெண்களும் ஒரே தகப்பனுடைய பிள்ளைகளா?”

“ஆமா மேடம்.”

“பதிவேடு அப்படிச் சொல்லவில்லையே. பதிவேட்டைப் பார்த்தால் இருவரில் ஒருத்தி உங்கள் பெண் இல்லை. அல்லது இருவருமே இல்லை.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அது முன் பெஞ்சுவரைக்கும் வந்தது. உங்களில் நான்கு பேர் அந்த வகுப்பில் இருந்தீர்கள். யார் யார் சிரித்தது என்பதும் டைரியில் இருக்கிறது.

அப்பாவும் சிரித்தார். பல் தெரியாமல், மேலதிகாரி சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பதுபோல. அவர் நம் ஊர் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தார். “எங்க பக்கத்துல, மேடம், தகப்பன் பேரோட முதல் எழுத்த...” மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு தாளை நீட்டினார். அதில் தட்டச்சு செய்து தயாராகவே வைத்திருந்தார். இன்னின்ன பெயருள்ள இரு சிறுமியரும் எனக்கு முறைப்படி பிறந்தவர்களே என்று உறுதி கூறுகிறேன். கீழே ஒரு கோடு.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மை கசிந்து பையில் ஒரு நீல வட்டம் இருந்தது. எழுதுவதற்கு இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். மிஸ்ஸின் மேசைமேல் வைத்து எழுத அவருக்குத் துணிவில்லை. என் பெஞ்சுக்கு வந்து, என் நோட்டின்மேல் அந்தத் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். அந்த எழுத்துகளின் அழுத்தம் கீழேயிருந்த என் பக்கத்தில் பதிந்தது. மிஸ் தாளை வாங்கி ஊதி உலர்த்திவிட்டு, வரைபடத்துக்குப் போய் வங்காள விரிகுடாவின் நடுவில் ஒரு குண்டூசி குத்தினார். நூல் கட்டவில்லை. “இந்தப் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கிடைக்கும்வரை இங்கேயே இருக்கட்டும்.”

அன்று மாலை அம்மா அடுப்பங்கரையிலிருந்தே கேட்டாள். “அவ அப்படிக் கேட்டா, நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?”

“எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அழச் சொல்றியா?”

“கையெழுத்துப் போடாம வந்திருக்கலாம்ல?”

“பிள்ளைங்க படிக்கணும்ல.”

அப்பா ஈரக் கால்சட்டையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் டிராமில் பள்ளிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிச் சந்து வழியாக நடந்து போக ஆரம்பித்தார். என் பரிசளிப்பு நாள்கள் ஒன்றுக்கும் அவர் வரவில்லை. பதினொன்றாம் வகுப்புவரைக்கும், ஒன்றுக்குக்கூட. பிற்காலத்தில் எந்தக் காகிதத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தாலும், என் கல்யாணப் பதிவில்கூட, பேனாவைத் தாள்மேல் வைத்தபின் ஒருமுறை நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பார். யாராவது சிரிக்கிறார்களா என்று பார்ப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஆகஸ்ட் முழுவதும் குடியிருப்புப் பிள்ளைகளான நீங்கள் என்னை, “ஏய், நீ எந்த மாமா பொண்ணுடி?” என்று கேட்டீர்கள். நானோ, மிஸ் தன் பெயரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய தாத்தா கிண்டயரிலிருந்து வந்தவர், ஆற்று நீராவிக் கப்பலில் எஞ்சினியர், ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல் இருக்கிறது. “பெயர் உள்ளவர்களுக்குத்தான் கல் இருக்கும்” என்றார் மிஸ். பக்கத்தைத் திருப்பி அதையும் எழுதினேன்.

பள்ளிக்கூடத்துப் பியூன் பிகார்க்காரர். எல்லாரும் அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்போம். ஒருநாள் மணி அடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் கைனிப் புகையிலை தேய்த்துக்கொண்டே சொன்னார். “உங்க மிஸ் விலாயத் போகப் போறா, சீமைக்கு, தெரியுமா? வாராவாரம் ஆபீஸுக்கு அலையறா. அப்பா வழியில யாரு அந்த ஊர்ல பொறந்ததுன்னு காட்டணுமாம். பாதிரி சாஹேப் அக்டோபர்ல ஸ்கூல் பாக்க வருவாரு. எஞ்சினியர் தாத்தாவோட பேத்திதான்னு அவரு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், மிஸ் கப்பல் ஏறிடுவா.”

“போடலைன்னா?”

“போடலைன்னா இங்கதான். எங்க போவா?”

எனக்கு வயது பத்து. ஆனாலும் கணக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. மிஸ் அப்பாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். அவருக்கு ஒரு கையெழுத்துக் கிடைக்கக் கூடாது.

விசுவகர்மா பூஜை. அன்று துறைமுகம் முழுக்க வேலை நிறுத்திவிட்டு எந்திரங்களுக்கு மாலை போடுவார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே போனார்கள். அக்காவுக்குத் தலைவலி, நான் துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டோம். அக்காவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

“துர், போடி, அவளுக்கு வேற வேலை இல்ல, உனக்குமா?”

“உன்னையும்தான் சேத்துச் சொன்னா. நீ அப்பா பொண்ணு இல்லேன்னு.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்துக்குள் இடுப்பளவு காடு மண்டிக் கிடந்தது. மேலே வானம் முழுக்கக் காத்தாடிகள். சுற்றுப்பட்ட மொட்டைமாடிகளிலிருந்து ‘போ காட்டா’, அறுந்துபோச்சு என்று கூச்சல். அறுந்த மாஞ்சா நூல்கள் சிலுவைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அக்காவின் புறங்கையை ஒன்று கிழித்துவிட்டது. காவல்காரரின் ஆடு ஒரு கல்பெட்டிமேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. காவல்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

“கீ கோ குக்கி, என்ன பாப்பா தேடுறீங்க? காத்தாடியா?”

“ஒரு தாத்தாவை” என்றேன்.

அவர் சிரித்தார். “இங்க எல்லாம் தாத்தாதான்.”

மூன்று மணிநேரம் தேடினோம். மேற்குச் சுவரையொட்டி, ஆலங்கன்று பிளந்த ஒரு கல். எழுத்துகளில் பாசி. வகுப்பிலிருந்து எடுத்து வந்திருந்த சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். வெள்ளைக்கு நடுவில் கரும்பச்சையாக எழுத்து எழுந்தது. கால்பிரெய்த். எஞ்சினியர். கிண்டயரில் பிறந்தவர். அதன் கீழே இருந்ததை அக்கா வாசித்தாள், நான் எழுதினேன். மனைவியோ மக்களோ இந்த நாட்டில் உற்றார் எவருமோ இல்லாதவர், ஆகவே கப்பலில் உடன் வேலை செய்தவர்கள் கூடி இந்தக் கல்லை நிறுத்தினார்கள்.

அக்கா இரண்டாம் முறை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பிள்ளையே இல்லாதவருக்குப் பேத்தி எப்படிடி?”

நாங்கள் இருவரும் அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆடு பயந்து இறங்கி ஓடியது.

அக்டோபர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. பூஜை விடுமுறைக்கு மூன்று நாள் இருந்தது. பாதிரியார் வெள்ளை அங்கியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உயரமானவர், காது பெரியது. கையெழுத்து அழகாக உள்ள பெண் என்று மிஸ்ஸே என்னைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு நோட்டுகளை அவரிடம் கொண்டுபோகச் சொன்னார். அன்று மிஸ் நீலப் பூப்போட்ட புது கவுன் போட்டிருந்தார். என் ரிப்பனை அவர் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார். “பயப்படாதே, நல்ல மனிதர்” என்றார். நோட்டுகளுக்கு அடியில் என் டைரி இருந்தது.

பாதிரியார் நோட்டுகளைப் பார்த்து முடித்தார். நான் டைரியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“இது என்ன?”

“எங்க மிஸ்ஸோட தாத்தா கல்லுல இருக்கிறது, ஐயா.”

வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“நீயே பார்த்து எழுதினாயா?”

“ஆமா ஐயா. சுண்ணக்கட்டி தேய்ச்சு, ஒரு எழுத்து விடாம.”

“இதை எதற்காக என்னிடம் காட்டுகிறாய்?”

அதற்கு நான் ஒரு வாரமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். “எல்லாரும் அவங்க பேரைப் பத்தி உண்மைதான் சொல்லணும்னு மிஸ் சொல்லிக் கொடுத்திருக்காங்க, ஐயா.”

அவர் டைரியை மூடித் தந்தார். அங்கிப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தார். வராந்தாவின் முனைக்கு வருவதற்குள் அதைக் கடித்துத் தின்றுவிட்டேன். அவ்வளவு ருசியான பண்டத்தை அதன் பிறகு நான் தின்றதில்லை.

மறுநாள் பாதிரியார் கல்லறைத் தோட்டத்துக்குத் தானே போய் வந்ததாகத் தாதா சொன்னார். “சாஹேப் கல்லைப் பார்த்துட்டு வந்தாரு, பேனாவை மூடி வெச்சிட்டாரு. மிஸ் எவ்வளவோ சொன்னா. கல்லு பொய் சொல்லாதுன்னுட்டாரு.”

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பின்சுவர் வெறுமையாக இருந்தது. வரைபடம் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. மிஸ் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார். யாருடைய குடும்பப் பெயரையும் கூப்பிடவில்லை, எல்லாருக்கும் முதல் பெயர் மட்டும். அந்த வருடம் மட்டுமல்ல, ஓய்வு பெறும்வரைக்கும் அப்படித்தான். ‘மிஸ் எங்களைச் சொந்தப் பிள்ளைகள் மாதிரிப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்’ என்று உங்களில் ஒருத்தி போன வருட மலரில் உருகி எழுதியிருந்தாள். காரணம் இப்போது தெரிந்திருக்கும். மிஸ்ஸின் தங்கை கல்யாணமாகிக் கணவன் பெயரில் கப்பல் ஏறிவிட்டாள். அவர்களுடைய அம்மா இறந்துபோனார். மிஸ் இங்கேயே இருந்தார். அன்பினால் அல்ல. நான் போகவிடவில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. சொன்னால் அவர் மிஸ்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு நேரம் நிறையக் கிடைத்தது. பழைய தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் பார்க்கலாம் என்று அக்காவின் மகள் காட்டிக் கொடுத்தாள். ஒரு பிப்ரவரி மாதம் முழுவதும் கால்பிரெய்த்துகளைத் தேடினேன். தேடியதன் நோக்கத்தை மறைக்கவில்லை. நான் செய்தது சரிதான் என்பதற்கு இன்னொரு சான்று வேண்டியிருந்தது. கிடைத்தது நேர்மாறானது. அதே எஞ்சினியர், அதே கிண்டயர், அதே கப்பல். ஓர் ஆண் குழந்தையின் ஞானஸ்நானம். தாய் என்ற இடத்தில் கிடர்பூரைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர் தனியாக இருந்தது. அதற்குப் பின்னால் குடும்பப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சிறிய கோடு. ஓரத்தில் பாதிரியாரின் குறிப்பு: குழந்தை தன்னுடையதே என்று தகப்பன் நேரில் வந்து உறுதி கூறினார். அந்தக் குழந்தைதான் மிஸ்ஸின் அப்பா. பெயரும் பிறந்த நாளும் மிஸ் நமக்குச் சொன்னவைதாம். என் டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

கல்தான் பொய் சொல்லியிருந்தது. அல்லது கல்லை நட்டவர்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கிடர்பூர்ப் பெண் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவர்களை உற்றார் என்று எண்ண அந்தக் கப்பல்காரர்களுக்கு மனம் வரவில்லை. பத்து வயதில் நான் நம்பியது அவர்களை. படித்த பாதிரியாரும் அவர்களைத்தான் நம்பினார்.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. வாராவாரம் ஓர் அலுவலகத்தில் நின்று, நீ யாருடைய பெண், உன் அப்பன் யாருடைய பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்துதான் மிஸ் எங்கள் அப்பாவைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். அந்த உறுதிமொழியின் வாசகம்கூட அந்த அலுவலகத்தில் யாரோ அவர் முன்னால் நீட்டியதாக இருக்கலாம். இது புரிந்தபின் கோபம் தணியும் என்று எதிர்பார்த்தேன். தணியவில்லை. அடி எங்கே படும் என்று தெரிந்துதான் அடித்திருக்கிறார் என்று தோன்றியது.

அப்போது மிஸ் உயிரோடு இருந்தார். பவானிபூரில் ஒரு முதியோர் இல்லத்தில். உங்களில் பலர் கிறிஸ்துமஸ் கேக்கோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நானும் போனேன், மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பதினோரு மணி. பதிவேட்டின் பிரதி கைப்பையில் இருந்தது. ஒரு தீர்மானத்தோடு போனேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் காகிதத்தைக் கொடுத்துவிடுவது, நான் செய்ததையும் சொல்லிவிடுவது.

ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசினார். கரடித் தலைகளைப் பற்றி, ஏரியைப் பற்றி, தான் பார்க்காத தீவைப் பற்றி.

“எல்லாம் சரியாக இருந்தது, சைல்ட். ஒரு காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. என் தாத்தாவுக்குக் குடும்பமே இல்லை என்றுவிட்டார்கள். அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். அந்தப் பாதிரியாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.”

“மிஸ், எங்க அப்பாவை ஞாபகம் இருக்கா? மழையில வந்தாரு, குடையோட. வகுப்புல.”

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“டாக்டர்தானே உன் அப்பா?”

“இல்ல மிஸ்.”

“மிலிட்டரியா?”

“இல்ல மிஸ்.”

“எவ்வளவோ அப்பாக்கள் வந்தார்கள்” என்று சிரித்தார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். “உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அழகான கையெழுத்து. நீ எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை, இல்லையா?”

“இல்ல மிஸ்.”

ஆயா டீ கொண்டுவந்தாள். மிஸ்ஸுக்கு நானே கோப்பையைப் பிடித்து ஊட்டினேன். மோவாயில் வழிந்ததைத் துடைத்தேன். மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதன் பிறகு நான்கு வருடம் எட்டு மாதம் அவர் உயிரோடு இருந்தார். நான் போகவில்லை.

அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய காகிதம், அவருடைய முழங்காலிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது போதும் என்று அன்று பேருந்தில் உட்கார்ந்து நினைத்தேன். போதவில்லை. யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.